வால்வு விரியலாக்கியை இசைவித்தல்

கடல் கடந்த நாட்டிலுள்ள ஒருவரோடு, இடையே தொலைபேசிக் கம்பியோ இணையமோ இன்றி, தன் வீட்டு மூலையில் அமைத்த கருவியினாலும் முற்றத்து மரத்திற் கட்டிய கம்பியினாலும் உரையாடுதல் பொழுதுபோக்கு வானொலியாளரின் கலையாகும். ‘ஹாம்’ எனப் பொதுவழக்கில் அழைக்கப்படும் இவர்கள் ஊதியங் கருதாது இதனைப் பயில்பவர். தேர்வெழுதி, அரசின் உரிமம் பெற்று, தமக்கென வழங்கப்பட்ட அழைப்புக் குறியோடு வான்வெளியிற் பேசுபவர். இலங்கையரின் அழைப்புக் குறி ‘4 எஸ்’ என்னும் முன்னொட்டோடு தொடங்கும். அக்குறியைக் கேட்ட மாத்திரத்தே, பேசுபவர் எந்நாட்டினர் என்பதைப் பிறநாட்டார் அறிந்துகொள்வர்.

நமது தீவில் வானொலி ஒலிபரப்புத் தோன்றிய வரலாறும் இத்தகைய ஆர்வத்தின் வரலாறே. 1923 ஆம் ஆண்டிலே, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு தந்தித் திணைக்களப் பொறியியலாளர் ஒரு சிறு செலுத்தியை அமைத்து, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களைப் பரப்பினர். அம்முயற்சிக்கு முன்னின்றவர் எட்வேட் ஹாப்பர். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. அக்காலச் செலுத்திகளுக்கு இதயமாய் நின்றது வெற்றிட வால்வு. பின்னர்த் திரான்சிற்றர் தோன்றி, வீட்டு வானொலிகளிலிருந்து வால்வை அகற்றிவிட்டது. ஆயினும் சில நூறு வாற்றுச் சக்தியைச் செலுத்தும் ஹாம் நிலையங்கள் பலவற்றில் வால்வு விரியலாக்கிகள் இன்றும் ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை இசைவிக்கும் முறையை விளக்குதலே எமது கருத்து.

தமிழாசிரியர்க்கும் வானொலி வால்வுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். இக்கலைக்குரிய சொல்லே எமக்கு விடையளிக்கின்றது. ‘இசை’ என்பது பண்ணைக் குறிக்கும், பொருந்துதலையும் குறிக்கும். வீணையை வாசிக்குமுன் தந்திகளைச் சுருதி சேர்ப்பவர், ஒரு தந்தியை எவ்வளவு உரத்து ஒலிக்கச் செய்யலாம் என்று பார்ப்பதில்லை. ஒன்றோடொன்று பொருந்துகின்றதா என்றே செவிகொடுப்பர். வால்வு விரியலாக்கியை இசைவித்தலும் அத்தன்மையதே. மானியின் முள்ளை எவ்வளவு தூரம் விரட்டலாம் என்பதன்று வினா. வால்வும் ஏரியலும் ஒன்றோடொன்று பொருந்தினவா என்பதே வினா. இவ்வொன்றை மறந்தவர் பலர் விலையுயர்ந்த வால்வுகளை இழந்துள்ளனர். அயலாரின் நல்லெண்ணத்தை இழந்தோரும் உளர்.

வால்வின் தொழில்

வால்வு என்பது காற்று முற்றாக அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். அதனுட் சூடாக்கப்பட்ட இழையிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படும். இழையைச் சூழ நிற்கும் அனோட்டு என்னும் உலோகத் தகட்டுக்கு உயர்ந்த நேர்மின்னழுத்தம் ஊட்டினால், அவ்விலத்திரன்கள் தகட்டை நோக்கிப் பாயும். 1904 இல் பிளெமிங் என்பார் அமைத்த வால்வு இவ்விரண்டு உறுப்புகளையே கொண்டது. 1906 இல் லீ டி பொறஸ்ற் என்பார் இழைக்கும் தகட்டுக்கும் இடையே ‘கிறிட்’ என்னும் கம்பிவலையைப் புகுத்தினார். வாய்க்காலின் மடையைச் சிறிதளவு உயர்த்தித் தாழ்த்துவதாற் பெருநீரோட்டத்தை ஆள்வது போல, கிறிட்டிலே செய்யப்படும் சிறு மின்மாற்றம் தகட்டுக்குப் பாயும் பெரிய ஓட்டத்தை ஆளுகின்றது. விரியலாக்கம் என்பது இதுவே.

பொதுப்படக் கூறிச் செல்லுதலினும் ஒரு வால்வை எடுத்துக் கூறுதல் தெளிவு தரும். ஹாம் நிலையங்களிற் பெரிதும் பயன்படும் 3-500 இசட் என்னும் மூவாயி வால்வை எடுத்துக்கொள்வோம். அதன் இழைக்கு 5 வோல்ற்று அழுத்தமும் 14.5 அம்பியர் ஓட்டமும் வேண்டும். அனோட்டுக்கு 2,500 வோல்ற்று ஊட்டினால், சைகை எதுவும் இல்லாதபோது ஏறத்தாழ 130 மில்லியம்பியர் பாயும். முழுச் சைகை கொடுக்கும்போது 400 மில்லியம்பியர் வரை பாயும். கிறிட்டை அடிச்சட்டத்தோடு இணைத்துவிட்டு, சைகையை இழையின் வழியே ஊட்டுதல் வழக்கம். 65 வாற்று அளவு ஊட்டினால் 600 வாற்று அளவு வெளிவரும்.

கணக்கைக் கவனிக்க. 2,500 வோல்ற்றும் 0.4 அம்பியரும் பெருக்க, மின்வழங்கியிலிருந்து உட்செல்லும் சக்தி 1,000 வாற்று. ஊட்டு சக்தியின் ஒரு பகுதியும் இதனோடு சேர்ந்து வெளிவருவது உண்மையாயினும், அதனை ஈண்டு ஒதுக்கிவிடலாம். வெளிவருவது 600 எனின், எஞ்சிய 400 வாற்று அனோட்டுத் தகட்டிலே வெப்பமாக மாறுகின்றது. இவ்வால்வின் தகடு தாங்கக்கூடிய எல்லை 500 வாற்று. எனவே, பொருத்தம் சரியாக இருக்கும்போதே எல்லைக்கு அருகில் நிற்கின்றோம். பொருத்தம் தவறினால் அந்த 600 வாற்றிற் பெரும்பகுதியும் வெளியே செல்ல வழியின்றித் தகட்டின்மேல் விழும். சில செக்கன்களில் ஒரு வால்வு அழிந்துபோவதற்குக் காரணம் இதுவே.

ஊஞ்சலும் பரிவும்

விரியலாக்கியின் முகப்பிலே இரண்டு பெரிய குமிழ்களைக் காணலாம். ஒன்றின்மேல் ‘பிளேட்’ அல்லது ‘டியூன்’ என்றும், மற்றதன்மேல் ‘லோட்’ என்றும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் மாறுங் கொள்ளளவிகளைத் திருப்புவன. அவற்றின் இடையே ஒரு கம்பிச் சுருள் உண்டு. இம்மூன்றும் சேர்ந்த சுற்று, வடிவிலே கிரேக்க எழுத்தாகிய ‘பை’ போன்றிருத்தலின் பை வலையமைப்பு எனப்படும். முதற் குமிழின் தொழில் பரிவு. இரண்டாவதன் தொழில் சுமைப் பொருத்தம். இவ்விரண்டையும் பிரித்துணர்ந்தவர்க்கு இசைவித்தல் எளிது.

பரிவை விளக்கச் சித்திரைப் புத்தாண்டுக் காலத்து ஊஞ்சலை நினைவு கூர்க. வேம்பின் கிளையிற் கட்டிய ஊஞ்சலுக்குத் தனக்கென ஓர் ஆட்டவேகம் உண்டு. அவ்வேகத்தை அறிந்து, ஊஞ்சல் திரும்பும் தறுவாயில் விரலால் உந்தினாலும் போதும். அது தொடர்ந்து ஆடும். காலந் தவறி உந்துபவரோ எதிரே வரும் பலகையோடு மல்லாடிக் களைத்துப்போவர், ஊஞ்சலும் ஆடாது. சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த சுற்றும் ஊஞ்சலை ஒத்தது. அதற்கும் இயல்பான மீடிறன் ஒன்று உண்டு. 7 மெகாஹேட்ஸ் பட்டையில், அஃதாவது 40 மீற்றர் பட்டையில், மேற்கூறிய வால்வுக்கு அனோட்டுப் பக்கக் கொள்ளளவி ஏறத்தாழ 80 பிக்கோபரட் அளவிலே நிற்கும். 14 மெகாஹேட்ஸ் பட்டைக்குச் செல்லின் அதிற் பாதி போதும். முதற் குமிழைத் திருப்பும்போது நாம் செய்வது, ஊஞ்சலின் வேகத்தை நமது உந்தலின் வேகத்தோடு ஒன்றச் செய்தலே.

ஒன்றிய கணத்தை அறிவது எங்ஙனம்? அனோட்டு மின்னோட்டத்தைக் காட்டும் மானியைப் பார்க்க. பரிவு இல்லாதபோது முள் உயர்ந்து நிற்கும். குமிழை மெல்லத் திருப்ப, ஓரிடத்தில் அது சட்டெனக் கீழிறங்கி, மேலும் திருப்பினால் மீண்டும் ஏறும். அவ்விறக்கத்தின் அடியே பரிவு நிலை. ‘டிப்’ என்று ஹாம் அன்பர்கள் கூறுவது இதனையே. சக்தி மிகும் இடத்தில் ஓட்டம் ஏன் குறைய வேண்டும் என மாணவர் மயங்குவதுண்டு. ஊஞ்சலே விடை: காலம் பொருந்திய இடத்திற் சிறிய உந்தல் போதும், பொருந்தாத இடத்திலேதான் பெருமுயற்சி வீணாகின்றது. அவ்வீண் முயற்சியே தகட்டின் வெப்பம்.

சுமையின் பொருத்தம்

வெறும் ஊஞ்சல் ஆடுவதால் ஒருவர்க்கும் பயனில்லை. அதிற் பிள்ளை ஏறியிருத்தல் வேண்டும். அவ்வாறே சுற்றிலே ஆடும் சக்தி ஏரியலுக்குச் சென்றாற்றான் பயன் உண்டு. ஏரியலுக்குச் செல்லும் வடம் 50 ஓம் தடங்கலுடையது. எமது வால்வோ, ஏறத்தாழ 3,500 ஓம் சுமையை எதிர்பார்த்து நிற்பது. இடையிலுள்ள வேறுபாடு எழுபது மடங்கு. 600 வாற்றுச் சக்தி வால்வின் பக்கத்தில் 1,450 வோல்ற்று அழுத்தமும் 0.41 அம்பியர் ஓட்டமுமாய் இருக்கும். அதே சக்தி வடத்தின் பக்கத்தில் 173 வோல்ற்றும் 3.5 அம்பியருமாய் இருத்தல் வேண்டும். துலாவிலே ஒருபுறத்துச் சிறுவிசை மறுபுறத்தில் நீர்நிறைந்த பட்டையை உயர்த்துவது போல, பை வலையமைப்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருகின்றது. துலாவின் அச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது குமிழே. 7 மெகாஹேட்ஸ் பட்டையில் அதன் கொள்ளளவி 470 பிக்கோபரட்டை அடுத்து நிற்கும்.

இங்கு ஒரு முரண் போலத் தோன்றும் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். சுமைக் கொள்ளளவியின் தகடுகள் முற்றாக ஒன்றினுள் ஒன்று புகுந்து, கொள்ளளவு மிகுந்திருக்கும்போது ஏரியலோடு பிணைப்புக் குறைவு. தகடுகள் விரிந்து கொள்ளளவு குறையக் குறையப் பிணைப்பு மிகும். குமிழின் மேலுள்ள எண்கள் கருவிக்குக் கருவி வேறுபடுமாதலின், எண்ணை நம்பாது எத்திசையிற் கொள்ளளவு குறைகின்றது என்பதை முதலில் அறிதல் நன்று.

பிணைப்பு மிகக் குறைந்தால் நேர்வது யாது? ஆளில்லாத ஊஞ்சலை ஓங்கி உந்தினால் அது கிளையை மோதும். சுமையற்ற சுற்றிலும் அழுத்தம் எல்லை கடந்து உயர்ந்து, கொள்ளளவியின் தகடுகளுக்கிடையே பொறி பாயும். பட்டை மாற்றும் ஆளியின் தொடுகைகள் கருகும். தகட்டுக்குச் செல்ல இயலாத இலத்திரன்கள் கிறிட்டிலே குவிந்து அதனைச் சுடும். மென்மையான கம்பிவலையாகிய கிறிட் தகட்டைப் போல வெப்பந் தாங்காது. பிணைப்பு மிகுந்தாலோ, அனோட்டு ஓட்டம் அளவு கடக்கும்; சக்தி வெளிவராது; தகடு சிவக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பதே பொருத்தம்.

முதலில் உயிர்க் காவல்

இசைவிக்கும் முறையைக் கூறுமுன் மற்றொன்றைக் கூறுதல் எமது கடமை. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அது தீண்டி இறந்தோரை நாம் அறிவோம். விரியலாக்கியின் உள்ளே இருப்பது அதிற் பத்து மடங்குக்கு மேல். அதனை வழங்கும் மின்வழங்கியிலுள்ள கொள்ளளவிகள் ஆளியை அணைத்த பின்னரும், இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னரும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். 25 மைக்கிரோபரட் கொள்ளளவில் 2,500 வோல்ற்று நின்றால் அங்கே சேர்ந்திருக்கும் ஆற்றல் 78 யூல். எட்டுக் கிலோகிராம் எடை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் ஆற்றல் அது. அத்தனையும் ஒரு கணத்தில் நெஞ்சினூடு பாயுமாயின் இதயம் நின்றுவிடும்.

இவ்வேற்றத்தை வடித்துவிடும் பொருட்டுத் தடைகள் இணைக்கப்பட்டிருக்கும். அவை நல்ல நிலையில் இருந்தால் அரை நிமிடத்துள் ஏற்றம் பெரிதும் நீங்கும். அத்தடையுள் ஒன்று அறுந்திருந்தால் அரை நாளாயினும் நீங்காதிருக்கலாம். அறுந்ததை வெளியிலிருந்து காணவும் இயலாது. ஆகவே பின்வரும் ஒழுங்கை எக்காலத்தும் கைவிடலாகாது. முதலாவது, ஆளியை அணைத்துச் சுவர் இணைப்பையும் பிடுங்குக. இரண்டாவது, உயர் அழுத்த மானி பூச்சியத்துக்கு இறங்கும்வரை காத்திருக்க. இறங்கிய பின்னும் சில நிமிடங்கள் பொறுக்க. மூன்றாவது, மூடியைத் திறந்தபின், நீண்ட காவலிக் கோலின் நுனியிற் கொக்கி பொருத்தி, அக்கொக்கியைத் தடித்த கம்பியால் அடிச்சட்டத்தோடு இணைத்து வைத்துக்கொண்டு, அதனால் அனோட்டு இணைப்பைத் தொடுக. தொட்டபின் எடுத்துவிடாது, வேலை முடியும்வரை அங்கேயே தொங்கவிடுக. நான்காவது, மூடி திறந்திருக்கும்போது மின்னூட்டுவதை அறவே தவிர்க்க. மூடி திறந்தால் மின்னை அறுக்கும் காப்பாளி சில கருவிகளில் உண்டு. அதனைக் கட்டிவைத்து ஏமாற்றுதல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

வால்வைத் தொடாது குமிழ்களை மட்டுமே திருப்புவோர்க்கு இவ்வளவும் வேண்டுமோ எனின், வேண்டும். இசைவித்தலிற் பழகியவர் என்றோ ஒருநாள் உருகியை மாற்றவோ தூசி துடைக்கவோ மூடியைக் கழற்றுவர். அன்று நினைவு தவறாதிருக்க இன்றே பழக்கம் வேண்டும். களைத்திருக்கும்போதும் தனித்திருக்கும்போதும் மூடியைத் திறவாதிருத்தல் அறிவுடைமை.

இசைவிக்கும் முறை

இனி முறையைக் கூறுவாம். பழகுவோர் முதலில் ஏரியலை விடுத்து, 50 ஓம் போலிச்சுமையை இணைத்துக்கொள்ளல் நன்று. போலிச்சுமை என்பது சக்தியை வான்வெளிக்கு விடாது வெப்பமாக்கும் பெரிய தடை. அதன்மேற் பழகினால் ஒருவருக்கும் இடையூறில்லை. பின்னர் ஏரியலை இணைக்கும்போது, நிலையலை விகிதத்தை முதலிற் சிறு சக்தியில் அளந்து, அது 2 இற்கு மேற்படாதிருத்தலை உறுதி செய்க. ஏரியல் குற்றமுடையதாயின் குமிழ்களாற் குற்றம் தீராது.

அடுத்து, பட்டை மாற்றும் ஆளியை உரிய பட்டையில் வைக்க. சக்தி செல்லும்போது இவ்வாளியைத் திருப்பவே கூடாது. காற்றூதி ஓடுகின்றதா எனச் செவியாலும் கையாலும் அறிக. காற்றின்றேல் 3-500 இசட் வால்வின் அடிமுனைகளிலுள்ள கண்ணாடிப் பொருத்துகள் கெடும். இழையின் அழுத்தத்தையும் ஒருமுறை அளந்து வைத்தல் வேண்டும். 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையே இருத்தல் முறை. மாலை வேளையில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில், 230 வோல்ற்று 210 ஆகக் குறைந்தால் இழையின் 5 வோல்ற்றும் 4.57 ஆகிவிடும். அந்நேரத்தில் முழுச் சக்தியை நாடுதல் தகாது. இவ்வால்வின் இழை சில செக்கன்களில் வெம்மை பெறும். ஒட்சைட்டுப் பூசிய கதோட்டுடைய வேறு வால்வுகளுக்கோ சில நிமிடங்கள் பொறுத்தல் வேண்டும்.

சுமைக் குமிழைக் கைந்நூல் கூறும் நிலையில் வைக்க. கைந்நூல் இல்லையேல் கொள்ளளவு மிகுந்த முனையிலிருந்து தொடங்குக. இங்கே ஊட்டு சக்தி மிகச் சிறிதாக, பத்து வாற்றுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். பிணைப்புக் குறைந்த நிலையில் ஓங்கி ஊட்டுவதே கிறிட்டை அழிக்கும். அழுத்துசாவியை அழுத்தி, முதற் குமிழைத் திருப்பி, இறக்கத்தைக் காண்க. வெளிச்செல்லும் சக்தியைக் காட்டும் மானி அங்கு உயர்வதையும் காண்க. ஐந்து செக்கன், மிஞ்சினாற் பத்துச் செக்கன். உடனே கையை எடுத்து, அதைக்காட்டிலும் கூடிய நேரம் ஓய்வு கொடுக்க. அவ்வோய்வில் அடுத்த படியைச் சிந்திக்கலாம்.

பின்னர்ச் சுமைக் கொள்ளளவியைச் சிறிது விரிக்க. பிணைப்புச் சிறிது கூடும். பரிவும் சிறிது நழுவும். ஆதலின் முதற் குமிழை மறுபடி திருப்பி இறக்கத்தைக் காண்க. ஊட்டு சக்தியைச் சிறிது உயர்த்துக. மீண்டும் சுமை, மீண்டும் பரிவு, மீண்டும் ஊட்டு சக்தி. இவ்வாறு படிப்படியாக ஏறிச் செல்ல, அனோட்டு ஓட்டம் 400 மில்லியம்பியரை அணுகும். சுமை மிக மிக இறக்கத்தின் ஆழம் குறைந்து, ஈற்றில் அது தெளிவாய்ப் புலப்படாது. அதுகண்டு கலங்க வேண்டுவதில்லை; சக்தி ஏரியலுக்குச் செல்கின்றது என்பதற்கு அதுவே சான்று. அப்போது இறக்கத்தைத் தேடுவதை விடுத்து, வெளிச்செல்லும் சக்தி மிகும் இடத்தையே வழிகாட்டியாகக் கொள்க. அம்மேனிலையைக் கண்டபின், சுமைப் பிணைப்பை மயிரிழையளவு கூட்டி வைத்தல் பழகியோர் வழக்கம். சக்தியிற் சிறிது குறையும். குரலின் தூய்மை கூடும்.

பட்டைதோறும் கிடைத்த நிலைகளை ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. அடுத்தமுறை அந்நிலையிலேயே தொடங்கினால் இரண்டொரு செக்கனில் வேலை முடியும். வால்வின் ஆயுளும் நீளும்.

மானிகள் சொல்வன

இரண்டு மானிகளை ஒருங்கே வாசிக்கக் கற்றவர்க்குக் கருவி தன் நோயைத் தானே சொல்லும். இவ்வால்வுக்கு முழுச் சக்தியில் அனோட்டு ஓட்டம் 400 எனின், கிறிட் ஓட்டம் ஏறத்தாழ 120 மில்லியம்பியர். கிறிட் ஓட்டம் அளவுக்கு மேலும் அனோட்டு ஓட்டம் அளவுக்குக் கீழும் இருந்தால், சுமை போதாது, கொள்ளளவியை விரிக்க. அனோட்டு ஓட்டம் மிகுந்தும் கிறிட் ஓட்டம் குறைந்தும் வெளிச்சக்தி தாழ்ந்தும் இருந்தால், சுமை மிகுந்தது, கொள்ளளவியைச் சுருக்குக. இரண்டும் மிகுந்தால் ஊட்டு சக்தி மிகுந்தது. இரண்டும் குறைந்தால் ஊட்டு சக்தி போதாது அல்லது வால்வு முதுமையுற்றது. இந்நான்கையும் மனத்திற் பதித்தவர்க்கு வேறு சூத்திரம் வேண்டுவதில்லை.

கண்ணும் ஒரு மானியே. 3-500 இசட் வால்வின் தகடு தொழிற்படும்போது மங்கிய செந்நிறம் கொள்ளுதல் இயல்பு. அவ்வண்ணமே அது அமைக்கப்பட்டுள்ளது. அந்நிறம் மஞ்சள் கலந்து ஒளிருமாயின் உடனே நிறுத்துக. வேறு பல வால்வுகளில் சிவப்புத் தோன்றுதலே அபாயக் குறி. ஆகவே தத்தம் வால்வின் இயல்பை அறிந்து வைத்தல் அவசியம்.

அயலாரும் அலைவரிசையும்

பொருத்தந் தவறிய விரியலாக்கி தன்னை மட்டும் கெடுப்பதில்லை. எல்லைக்கு மேல் உந்தப்பட்ட வால்வு குரலின் உச்சிகளை வெட்டிவிடும். வெட்டுண்ட குரல் தனக்குரிய இடத்தில் அடங்காது, இருமருங்கும் சிதறும். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு 3 கிலோஹேட்ஸ் இடத்துள் அடங்க வேண்டியது. சிதறினால் அயலிலுள்ள உரையாடல்களையும் மூழ்கடிக்கும். 7 மெகாஹேட்ஸில் எழும் சைகையின் மடங்குகளாகிய 14 உம் 21 உம் அளவுக்கு மீறி எழுந்து, பிறருக்கும் அடுத்த வீட்டுக் கருவிகளுக்கும் இடையூறு செய்யலாம். நன்கு இசைவிக்கப்பட்ட பை வலையமைப்பு அம்மடங்குகளைப் பெரிதும் தடுப்பது. தவறாக இசைவித்தவர் அக்காவலையும் இழக்கின்றார்.

இவ்வளவு இடர்ப்பட்டுப் பெறும் ஆதாயத்தையும் அளந்தறிதல் வேண்டும். 65 வாற்றை 600 வாற்றாக்குதல் ஏறத்தாழ 10 டெசிபெல் உயர்வு. கேட்போரின் சைகைமானியில் ஒரு படி 6 டெசிபெல். எனவே நாம் பெறுவது இரண்டு படிக்கும் குறைவு. கடைசி 50 வாற்றுக்காக வால்வை வருத்துவோர் பெறுவது அரை டெசிபெல் தானும் இல்லை; மறுமுனையிற் கேட்கும் எச்செவியும் அதனை வேறுபடுத்தி உணராது. அவ்வளவுக்காக ஒரு வால்வைப் பணயம் வைத்தல் பேதைமை.

ஆயினும் தூய வலிய சைகை ஒரு நாட்டுக்கு வேண்டப்படும் நாள்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நமது கரைகளை அழித்தபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது ஹாம் அன்பர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று கொழும்போடு செய்தித்தொடர்பு ஏற்படுத்தினர். அத்தகைய வேளையிலே நலிந்த பற்றரியோடு மெல்லிய குரலில் ஒருவர் எங்கோ அழைத்துக்கொண்டிருப்பார். தவறாக இசைவித்த ஒரு பெரிய விரியலாக்கி அக்குரலை அழித்துவிடலாம். அழிக்கின்றோம் என்பதை அதனை இயக்குபவர் அறியவும் மாட்டார். சக்தியை உடையவர் அதனை அளவோடு ஆளக் கற்றிருத்தல் ஏன் வேண்டும் என்பதற்கு இதனின் மேலான காரணம் இல்லை.

இன்றைய திரான்சிற்றர் விரியலாக்கிகள் பல, குமிழ் எதனையும் திருப்ப வேண்டாதன. ஆளியை இட்டவுடன் பேசலாம். அது வசதியே. எனினும் பரிவு என்றால் என்ன, சுமைப் பொருத்தம் என்றால் என்ன என்பதைக் கையாலும் கண்ணாலும் கற்பிப்பதில் இரண்டு குமிழுடைய பழைய கருவிக்கு நிகரானது அரிது. விஞ்ஞானக் கூடத்திற் பரிவைச் சமன்பாடாகக் கற்கும் மாணவர்கள், உரிமம் பெற்ற ஹாம் ஒருவரின் நிலையத்துக்குச் சென்று, அவர் முதற் குமிழைத் திருப்பும்போது முள் இறங்குவதை ஒருமுறை பார்ப்பார்களாயின், அச்சமன்பாடு மறக்காது. எம் பழைய மாணவர்களுள் இக்கலை பயின்றோர் அத்தகைய வாய்ப்பை இளையோர்க்கு அளித்தல் கல்லூரிக்குச் செய்யும் நற்றொண்டாகும். உரிமம் இன்றி ஒரு செக்கனும் செலுத்தலாகாது. செலுத்தத்தக்க சக்தியின் எல்லையும் அவரவர் உரிமத்திற் குறிக்கப்பட்டிருக்கும். ஆதலின் தேர்வுக்குப் படித்தலே முதற்படி.

இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் மாணவர் ஒருவரேனும் அப்படியில் ஏறுவாராயின் எமது முயற்சி பயனுடையதாகும். வாழ்க எம் கல்லூரி.